மேற்கு பார்த்த அறைக்குச் சந்தன வெள்ளையா, சாம்பல் பச்சையா?

மேற்குச் சன்னல்
மார்ச் 6, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் பிடோக்கில் நாங்கள் இருக்கும் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பிள்ளைகள் படிப்பதற்காக வைத்திருந்த அறையை அம்மாவுக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு வயது 74. இத்தனை நாள் அண்ணன் வீட்டில் இருந்தவர், அடுத்த மாதம் எங்களோடு வந்துவிடுகிறார். அவர் வருவதற்குள் அறைக்குச் சாயம் பூச வேண்டும். இரண்டு நிறங்கள் வரைக்கும் வந்துவிட்டோம். அதற்கு மேல் இரண்டு வாரமாக நகர முடியவில்லை.

ஒன்று, வெள்ளையில் ஒரு துளி சந்தனத்தைக் குழைத்தது போன்ற நிறம். மற்றொன்று சாம்பல் கலந்த வெளிர் பச்சை. எருக்கிலையின் மேல் வெண்மையாகப் படிந்திருக்குமே, அதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கடைப் பெயர்கள் நீளமாக இருப்பதால் சந்தன வெள்ளை, சாம்பல் பச்சை என்றே எழுதுகிறேன். நிற அட்டைகளில் ஒளி எதிரொளிப்பு மதிப்பு, அதாவது மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற எண், 76 என்றும் 51 என்றும் போட்டிருக்கிறது. அம்மா சந்தனம் என்கிறார். சாம்பல் பச்சையில்தான் பாட்டிக்குக் கண் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறாள் என் மகள்.

அறை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் நாற்பது. சன்னல் மேற்குச் சுவரில், கதவு அதற்கு நேர் எதிரே கிழக்குச் சுவரில். நாங்கள் ஐந்தாவது மாடி என்பதால், சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளைகள் சன்னலுக்கு மிக அருகில் நிற்கின்றன. இப்போது சுவரில் இருப்பது பதினோரு ஆண்டுக்கு முன் பூசிய வெளிர் ரோஜா நிறம். அதன் மேலேயே இரண்டு நிறங்களையும் உள்ளங்கை அளவுக்குப் பூசிப் பார்த்தேன். அட்டையில் சாம்பலாகத் தெரிந்த பச்சை, சுவரில் பாசி பிடித்தது போல் இருக்கிறது. சந்தனமோ அரைத்த மஞ்சளைத் தொட்டு வைத்தது போல் இருக்கிறது.

நான் இவ்வளவு தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு கூடத்துக்கு அட்டையை மட்டும் பார்த்துச் சாம்பல் நிறம் வாங்கினோம்; பூசி முடித்து விளக்கைப் போட்டால் கத்தரிப்பூ நிறமாக நின்றது. ஏழு ஆண்டாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப்போகும் அறையிலும் அதே பிழையைச் செய்துவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஏணியும் ரோலரும்
மார்ச் 7, காலை 7.05

சகோதரி, முதலில் அந்த உள்ளங்கை அளவுத் திட்டுகளை மறந்துவிடுங்கள். அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நான் 1979ல், பதினேழு வயதில், ஒரு குத்தகையாளரிடம் வாளி தூக்கச் சேர்ந்து, மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரர்கள் மனம் வருந்தி என்னைத் திரும்ப அழைத்த இடங்களில் பெரும்பாலும் சாயத்தில் குறை இருக்காது. நிறத்தைப் பார்த்த முறையில்தான் குறை இருக்கும்.

உங்கள் சுவர் ரோஜா நிறம். ரோஜாவுக்கு நடுவே எந்தச் சாம்பலை வைத்தாலும் கண் அதைப் பச்சைப் பக்கம் தள்ளிக் காட்டும். ஏற்கெனவே பச்சை கலந்த சாம்பல் என்றால் கேட்கவே வேண்டாம், நீங்கள் சொன்ன பாசி அப்படித்தான் வந்தது. பழைய சுவரின் நிறம் கண்ணில் படாதபடி பார்த்தால் மட்டுமே புதிய நிறம் தன் முகத்தைக் காட்டும்.

இரண்டடிக்கு மூன்றடி அளவில் இரண்டு மெல்லிய பலகைகள் வாங்குங்கள். முதலில் சீலர், அதாவது சாயத்துக்கு அடியில் போடும் வெள்ளை அடிப்பூச்சு, ஒரு பூச்சு. காய்ந்ததும், சுவருக்கு எந்த ரோலரைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதே ரோலரால் சாயம் இரண்டு பூச்சு. தூரிகையால் பூசினால் வரி விழும், அந்த வரியின் நிழலில் நிறம் சற்று மாறித் தெரியும். பலகையின் நான்கு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க உலரட்டும். ஈரத்தில் பார்க்கும் நிறமும் உலர்ந்த நிறமும் ஒன்றல்ல. பிறகு பலகையைச் சுவரோடு சுவராக நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். தரையிலோ மேசையிலோ படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது, ஏனெனில் படுத்திருக்கும் பரப்பில் மேலிருந்து ஒளி விழுவது போல நிற்கும் பரப்பில் விழாது. ஒரு நாள் சன்னலுக்கு எதிர்ச் சுவர், மறுநாள் சன்னல் இருக்கும் சுவர் என்று இடம் மாற்றுங்கள். சன்னல் இருக்கும் சுவர்தான் பகலில் எந்த அறையிலும் இருண்ட சுவர்; வெளிச்சம் அதன் முதுகுப் பக்கமாக அல்லவா வருகிறது.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பலகையில் பிடித்துப்போன நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு படி அழுத்தமாகத் தெரியும். ஒரு சுவரில் பட்டுச் சாயம் ஏறிய ஒளி எதிர்ச் சுவரில் போய் விழுகிறது, அங்கிருந்து மறுபடி திரும்புகிறது. அறை தன்னைத் தானே சாயம் ஏற்றிக்கொள்கிறது. சிறிய அறையில் இது அதிகம்.

மேற்குச் சன்னல்
மார்ச் 7, பகல் 12.20

மிக்க நன்றி ஐயா. பலகைகளை இன்று மாலையே வாங்கிவிடுகிறேன். இப்போது அறையில் இருக்கும் விளக்கு பகல் வெள்ளை என்று பெட்டியில் போட்டிருந்த எல்இடி. அதை மாற்ற வேண்டுமா, அப்படியே வைத்துப் பார்க்கலாமா?

ஒளியளவு
மார்ச் 7, இரவு 10.15

விளக்கமைப்பு என் தொழில் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். சாயத்தை முடிவு செய்வதற்கு முன் விளக்கை முடிவு செய்யுங்கள்.

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் சொல்வார்கள்; எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். பகல் வெள்ளை என்று நம் கடைகளில் விற்கும் எல்இடி பெரும்பாலும் 6,500 கெல்வின். நீலம் மிகுந்த ஒளி அது. மஞ்சள் ஒளி தரும் விளக்குகள் 2,700 முதல் 3,000 கெல்வின் வரை. இரண்டுக்கும் இடையில் 4,000 கெல்வினில் ஒரு வகை உண்டு. பெட்டிகளில் குளிர்வெள்ளை என்றோ இயல்பு வெள்ளை என்றோ போட்டிருப்பார்கள், பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். உங்கள் சாம்பல் பச்சை 6,500ல் நீலச் சாயல் அடித்து மருத்துவமனை நடைபாதை போல ஆகிவிட வாய்ப்பு அதிகம். 3,000ல் அதே நிறம் பச்சையை இழந்து காக்கிப் பக்கம் சாயும். சந்தன வெள்ளை இவ்வளவு அலையாது. மஞ்சள் ஒளியில் இன்னும் மஞ்சளாகும், நீல ஒளியில் வெளிறிப் போகும், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் எளிது. சாம்பலுக்கு அருகில் இருக்கும் நிறங்களில் சொந்தச் சாயல் மிகக் குறைவு. அந்தச் சிறு சாயலை வெளியிலிருந்து வரும் ஒளியின் சாயல் சுலபமாக அமுக்கிவிடுகிறது. செங்கல் சிவப்பை எந்த விளக்கில் வைத்தாலும் அது சிவப்புதான். சாம்பல் நிறங்களோ விளக்கு சொன்னபடி கேட்கும். உங்கள் கூடத்துச் சாம்பல் கத்தரிப்பூ நிறமானதும் இந்த வகையில் சேர்ந்ததுதான். விளக்கு வாங்கும்போது நிறம் காட்டும் திறன் குறியீட்டையும் பாருங்கள்; பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறு வரை உள்ள எண் அது. 80 என்பது பரவலாகக் கிடைக்கும். 90க்கு மேல் இருந்தால், குறிப்பாக ஒரு முதியவரின் அறைக்கு, கூடுதல் விலை கொடுக்கலாம்.

நிறம் அக்கம்பக்கத்தால் மாறுகிறது என்று மேலே ஐயா சொன்னது தொழிலில் பழைய பாடம். பாரிஸில் கொபலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் சாயம் மங்கலாக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். அவர் நூலைச் சோதித்தபோது சாயத்தில் பிழை இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டின. அதை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1839ல் வெளிவந்தது. உங்கள் ரோஜா சுவரில் நடந்ததும் அதுவே.

பொங்கோல் பத்தாம் மாடி
மார்ச் 8, காலை 8.30

எங்கள் மேற்கு அறைக்கு இதே போன்ற சாம்பல் பச்சையை மூன்று ஆண்டுக்கு முன் பூசினோம், இன்றுவரை எங்களுக்கு வருத்தம் இல்லை. முன்பு மஞ்சள் கலந்த வெள்ளை இருந்தபோது மாலை ஐந்து மணிக்குச் சுவரைப் பார்க்கவே கண் கூசும். இப்போது அது இல்லை. அறையின் சூடும் குறைந்தது போல் இருக்கிறது. மேற்கு அறைக்கு மஞ்சள் சார்ந்த எந்த நிறமும் வேண்டாம் என்பது என் கருத்து.

ஏணியும் ரோலரும்
மார்ச் 8, காலை 9.10

கண் கூசாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூடு குறையும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சன்னல் வழியே உள்ளே வந்துவிட்ட வெயில், உள் சுவர் எந்த நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடும். வெயில் நேராக விழும் வெளிச்சுவருக்கும் கூரைக்கும் நிறம் முக்கியம். உள்ளே சூட்டைக் குறைப்பது திரையும் காற்றோட்டமும்தான். பச்சையைப் பார்த்தால் மனம் குளிர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறது. அதுவும் ஒரு பயன்தான், ஆனால் அதை நம்பி அம்மா அறைக்குத் திரை போடாமல் விட்டுவிடக் கூடாது.

தோ பாயோ செவிலி
மார்ச் 8, இரவு 11.50

இரவுப் பணிக்குக் கிளம்புமுன் இந்த இழையைப் படித்தேன். சகோதரி, அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? கண்புரை உண்டா, அறுவை சிகிச்சை ஆகிவிட்டதா? அதைச் சொல்லாமல் நிறத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்றுதான் கேட்கிறேன்.

மேற்குச் சன்னல்
மார்ச் 9, காலை 6.45

நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் அக்கா. வலக் கண்ணில் சென்ற நவம்பரில் கண்புரை எடுத்துச் செயற்கை வில்லை வைத்தார்கள். இடக் கண்ணுக்கு மே மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

தோ பாயோ செவிலி
மார்ச் 9, மாலை 4.15

அப்படியானால் இன்று உங்கள் அம்மா பார்க்கும் சந்தனமும் நீங்கள் பார்க்கும் சந்தனமும் ஒன்றல்ல. அவருடைய இரண்டு கண்களுக்கு இடையிலேயே வேறுபாடு இருக்கும்.

வயது ஏற ஏற விழிவில்லை மெல்ல மஞ்சளடைகிறது. நீல ஒளி அதில் குறைந்துதான் உள்ளே போகிறது. பல ஆண்டுகளாக நடப்பதால் மனிதருக்குத் தெரிவதில்லை, மூளை அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. அறுவை சிகிச்சையில் பழைய வில்லையை எடுத்துவிட்டுத் தெளிவான வில்லை வைத்ததும், வெள்ளை நீலமாகத் தெரிகிறது, வானம் இவ்வளவு நீலமா என்று நோயாளிகள் கேட்பார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் ஒரு பாட்டி, தன் வெள்ளைச் சேலையைத் தொட்டுக் காட்டி, இதை யார் நீலத்தில் முக்கினார்கள் என்று என்னிடம் கேட்டார். ஓவியர் கிளோட் மொனே 1923ல் வலக் கண்ணில் இந்த அறுவை செய்துகொண்ட பின், நிறங்கள் மாறித் தெரிவதாக மிகவும் மனம் வருந்தினார் என்பது கண் மருத்துவப் பயிற்சிகளில் எப்போதும் எடுத்துச் சொல்லப்படும் ஒன்று.

ஆகவே பலகைகள் தயாரானதும் அம்மாவை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மே மாதத்துக்குப் பிறகு இரு கண்களும் இப்போதைய வலக் கண் போலத்தான் பார்க்கப் போகின்றன. வலக் கண் சொல்வதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

இன்னொன்று, இதை நான் நிறத்தைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். இரவில் கழிவறைக்கு எழுந்து போகும் முதியவர்கள், கதவு எங்கே, நிலை எங்கே, சுவர் எங்கே என்று பிரித்து அறிய முடியாமல்தான் தடுமாறுகிறார்கள். வெள்ளைக் கதவு, வெள்ளை நிலை, வெள்ளைச் சுவிட்ச், சுவரும் ஏறக்குறைய வெள்ளை என்றால், அரைவெளிச்சத்தில் எல்லாம் ஒரே பரப்பாகிவிடும். இந்தக் கண்ணோட்டத்தில் சந்தன வெள்ளை எனக்குக் கவலை தருகிறது.

ஒளியளவு
மார்ச் 9, இரவு 8.05

செவிலி அக்கா சொன்னதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பரப்புகளின் ஒளி எதிரொளிப்பு மதிப்பில் குறைந்தது 30 புள்ளி வேறுபாடு இருந்தால்தான் பார்வை குறைந்தவர்களால் அவற்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்று பிரிட்டனின் பிஎஸ் 8300 என்னும் கட்டடத் தரவிதி வழிகாட்டுகிறது. அந்த அளவில் முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. சாதாரண வெள்ளைக் கதவை 85 என்று வைத்துக்கொண்டால், சந்தன வெள்ளைக்கும் அதற்கும் வேறுபாடு வெறும் 9. சாம்பல் பச்சைக்கு 34.

இதை வைத்து நான்கு சுவரையும் பச்சையாக்கச் சொல்லவில்லை. 51 மதிப்புள்ள நிறம் தன் மேல் விழும் ஒளியில் பாதியை விழுங்கிவிடும். அறை முழுவதும் பூசினால், அதே வெளிச்சத்துக்கு இன்னும் அதிக ஆற்றலுள்ள விளக்கு வேண்டியிருக்கும். எழுபது வயதுக் கண்ணுக்கு இளைஞர்களின் கண்ணைவிடப் பல மடங்கு வெளிச்சம் தேவைப்படுகிறது என்பதையும் மறக்க முடியாது.

பொங்கோல் பத்தாம் மாடி
மார்ச் 10, காலை 8.00

முதியவர் இருக்கப்போகும் அறை என்பதை நினைக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் அறையில் இருப்பது என் பதின்ம வயது மகன். பகலிலும் அவன் விளக்குப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறான். ஒளியளவு சொன்ன பிறகே அதன் காரணம் விளங்கியது.

மேற்குச் சன்னல்
மார்ச் 19, இரவு 10.30

பத்து நாள் பார்த்தவற்றை எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா சொன்னபடியே பலகைகளைச் செய்தேன். வெள்ளை ஓரம் விட்டுப் பார்த்ததும் பாசி போய்விட்டது. மஞ்சள் அப்பியது போல் இருந்த சந்தனமும் காய்ச்சிய பாலின் ஏட்டைப் போல அமைதியாகிவிட்டது. உள்ளங்கைத் திட்டுகளுக்கு அருகில் கொண்டுபோய்ப் பிடித்தேன். இரண்டும் ஒரே டின்னிலிருந்து எடுத்தவை என்று சத்தியம் செய்தாலும் என் மகள் நம்பமாட்டாள்.

காலையில் எங்கள் சன்னலுக்கு வெயில் வராது. எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் மேல்தான் கிழக்கு வெளிச்சம் விழுந்து, இலைகளில் பட்டுத் திரும்பி அறைக்குள் வருகிறது. எட்டு மணிக்குச் சந்தனப் பலகையின் மேல் ஓர் இளம்பச்சை படர்ந்திருந்தது, பழுக்கத் தொடங்காத வாழைக்காயின் தோல் போல. முதலில் எனக்கு விளங்கவில்லை. திரையை இழுத்ததும் பச்சை மறைந்தது, திறந்ததும் வந்தது. அப்போதுதான் மரம் என்று புரிந்தது. சாம்பல் பச்சையோ அந்த நேரத்தில் ஆழ்ந்து, அறைக்குள் மரம் நுழைந்துவிட்டது போல நின்றது. என் மகளுக்குப் பிடித்த நேரம் இதுதான்.

பகல் ஒரு மணி அளவில் இரண்டும் அட்டையில் இருக்கும் நிறத்துக்கு மிக அருகில் வந்தன. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே அந்த நேரத்தில்தான் என்று என் கணவர் சொன்னார். கடிகாரம் இங்கே சூரியனைவிட முன்னால் ஓடுகிறதாம்.

மாலைதான் சோதனை. ஐந்தரை மணிக்கு வெயில் சன்னல் வழியே நேராகக் கதவுச் சுவரில் போய் விழுகிறது. சந்தனப் பலகை அங்கே இருந்தபோது, மஞ்சள் நீரில் நனைத்து எடுத்த துணி போலாகி, எதிரே கட்டிலில் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. பொங்கோல் நண்பர் சொன்னது சரி. அதே இடத்தில் சாம்பல் பச்சையை வைத்தேன். பச்சை முழுவதும் வடிந்து வெறும் விபூதி நிறமானது, ஆனால் கண்ணுக்கு இதமாக இருந்தது. ஏழு மணி தாண்டி வெளிச்சம் அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். செவிலி அக்கா சொன்னபடி வலக் கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னோம். இடக் கண்ணுக்கு இரண்டு பலகையும் ஒரே குடும்பம், ஒன்று வெளுப்பு, ஒன்று அழுக்கு என்றார். பிறகு இடக் கண்ணை மூடினார். சிறிது நேரம் பேசவே இல்லை. எழுந்து போய்ச் சாம்பல் பச்சையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதிலே நீலம் இருக்கிறதே, இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை” என்று கேட்டார். இத்தனை நாள் அவர் அதை அழுக்கு என்று ஒதுக்கியதும் நாங்கள் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்ததும் என் மனத்தை உறுத்தின. அவர் பார்த்ததைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

இரவில் 6,500 விளக்கின் கீழ் சாம்பல் பச்சை, ஒளியளவு எச்சரித்தபடியே, மருத்துவமனையாகிவிட்டது. 4,000 கெல்வின் விளக்கு வாங்கி மாட்டினேன், நிறம் காட்டும் திறன் 90. இரண்டு பலகைகளும் பகலுக்குப் பக்கத்தில் வந்தன.

இப்போது என் எண்ணம், கதவு இருக்கும் கிழக்குச் சுவருக்கு மட்டும் சாம்பல் பச்சை, மற்ற மூன்றுக்கும் சந்தன வெள்ளை. வெள்ளைக் கதவும் சுவிட்சும் பச்சை மேல் எடுப்பாகத் தெரியும். மாலை வெயில் விழும் சுவரும் அதுவே. இதில் ஏதேனும் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஏணியும் ரோலரும்
மார்ச் 20, காலை 6.50

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். நாற்பது ஆண்டில் இவ்வளவு பொறுமையாகப் பலகையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் எனக்கு மிகச் சிலரே கிடைத்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் பார்த்தது மார்ச் மாத வெயில். இப்போது சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்குவதால் எதிர்ச் சுவரில் விழுகிறது. ஜூனில் வடமேற்கிலிருந்து வரும், அப்போது உங்கள் தெற்குச் சுவரில் சாய்ந்து விழும். டிசம்பரில் தென்மேற்கிலிருந்து வந்து வடக்குச் சுவரில் விழும். கட்டிலின் தலைமாட்டையும் அலமாரியையும் எங்கே வைக்கிறீர்கள் என்பதை இதை நினைத்து முடிவு செய்யுங்கள். சாயத்தை மாற்ற வேண்டியதில்லை. பக்கச் சுவர்களில் வெயில் நேராக மோதாமல் சாய்வாகத் தடவிப் போவதால் கதவுச் சுவர் அளவுக்குக் கூசாது. ஆனால் சாய்ந்து விழும் வெயில் சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அந்த இரண்டு சுவர்களிலும் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கும் புட்டி வேலையைக் கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று சுவருக்கான சந்தனத்தைப் பாதி அழுத்தத்தில் கலக்கச் சொல்லலாமா என்றும் யோசியுங்கள். மரப்பச்சை படர்வதும் மாலை மஞ்சளும் குறையும்.

மேற்குச் சன்னல்
மார்ச் 20, பிற்பகல் 1.10

பாதி அழுத்தம் நல்ல யோசனைதான் ஐயா, ஆனால் அம்மா தேர்ந்தெடுத்தது இந்தச் சந்தனத்தை. நான்கில் ஒரு சுவரை மகளுக்கும் செவிலி அக்காவுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். மீதி மூன்றில் அவர் கேட்ட நிறம் அப்படியே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏணியும் ரோலரும்
மார்ச் 20, பிற்பகல் 2.00

அது சரியான காரணம். அப்படியே செய்யுங்கள்.

அளவுக் கணக்கு இது. உங்கள் சுவர்களின் சுற்றளவு 12.8 மீட்டர், உயரம் 2.6 என்று கொண்டால், கதவையும் சன்னலையும் கழித்து ஏறக்குறைய 29 சதுர மீட்டர் வரும். அதில் கதவுச் சுவர் 6, மற்றவை 23. லிட்டருக்கு ஒரு பூச்சில் 10 சதுர மீட்டர் என்று வைத்தால், இரண்டு பூச்சுக்குச் சந்தனம் ஐந்து லிட்டர் டின் ஒன்று போதும். பச்சைக்கு 1.2 லிட்டர், ஒரு லிட்டரில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டு டின்னாக ஒரே நாளில் கலக்கி வாங்கி, பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாக்கிய பிறகு பூசுங்கள். தனித்தனியாகக் கலக்கிய டின்களுக்கு இடையே மயிரிழை வேறுபாடு இருந்தாலும் சுவர் நடுவில் அது கோடாகத் தெரியும். ரோஜா நிறத்தின் மேல் சீலர் போடாமல் நேராகப் பூச அனுமதிக்காதீர்கள். அம்மா சுவரைப் பிடித்து நடப்பவராக இருந்தால், முழு மேட் வேண்டாம், துடைக்கத்தக்க மெல்லிய மினுக்குப் பூச்சு வாங்குங்கள். மேட் சுவரில் கை எண்ணெய் படிந்தால் ஈரத் துணியால் துடைத்த இடமே தனியாகப் பளபளக்கும்.

தோ பாயோ செவிலி
மார்ச் 20, இரவு 9.30

வாசனை குறைந்த சாயமாகவே இருந்தாலும், பூசிய பின் சில நாள் சன்னலையும் கதவையும் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு அம்மாவை அந்த அறையில் படுக்க வையுங்கள். கதவுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், மங்கலான இரவு விளக்கு ஒன்றும் இருக்கட்டும். சுவரின் வேறுபாடு தெரிவதற்கும் சிறிதாவது வெளிச்சம் வேண்டும்.

மேற்குச் சன்னல்
ஏப்ரல் 12, இரவு 8.50

அம்மா வந்து ஒரு வாரம் ஆகிறது. சாயம் பூசியவர்கள் முதல் நாளில், பச்சைச் சுவர் ஓரங்களில் மட்டும் இருண்டிருக்கிறதே என்று என்னைப் பதற வைத்தார்கள். தூரிகையால் தனியாகப் பூசிய ஓரம் உலர நேரமாகும் என்றார் அவர்களில் மூத்தவர், மறுநாள் காலையில் ஒன்றாகிவிட்டது. சந்தனம் மூன்று சுவரில் ஏறியபோது ஐயா சொன்ன ஒரு படி அழுத்தத்தைக் கண்ணால் பார்த்தேன். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பதால் அது இன்னும் இளஞ்சூடாகத் தெரிகிறது. மாலையில் அம்மா கட்டிலில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து பூத் தொடுக்கிறார். கண் கூசுகிறதா என்று கேட்டேன், எதற்கு என்று திருப்பிக் கேட்டார். முதல் இரண்டு இரவு நான் எழுந்து போய்க் கவனித்தேன். விளக்குப் போடாமலே, இரவு விளக்கின் வெளிச்சத்தில், கதவுப் பிடிக்கு நேராகக் கை கொண்டுபோகிறார்.

டின் மூடிகளில் நிறக் குறியீட்டையும் தேதியையும் எழுதிச் சேமிப்பறையில் வைத்துவிட்டேன். பலகைகளைத் தூக்கிப் போடப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். மே மாதம் இடக் கண் கட்டு அவிழ்த்த பிறகு, இரண்டையும் மறுபடி சுவரோரம் சாய்த்து வைத்து இரு கண்ணாலும் பார்க்க வேண்டுமாம். அலமாரிக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.